தகிடவில் ‘கி’யை விழுங்கினால் ப்ளூஸ்

கிட்டாரில் ஓரளவு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) பிடிக்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும் ப்ளூஸ் ஷஃபிள், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் ஓடும் துள்ளல் தாளம், ரொம்ப சுலபம் என்றுதான் சொல்வார்கள். மூன்று கார்டு, பன்னிரண்டு பார் (நாலு தட்டுக் கட்டம்), இடது கையில் இரண்டு மூன்று விரல், அவ்வளவுதான் என்பார்கள். இடது கையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் வீடியோ பார்த்து அந்த விரல்களை அப்படியே வைத்து வாசித்த பிறகும் ஏன் இது ப்ளூஸ் மாதிரி கேட்கவில்லை, ஏன் ஏதோ பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி விறைப்பாகக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். சேலத்தில் கிட்டார் எடுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் சர்ச் வழியாகவோ சினிமாப் பாட்டு வழியாகவோதான் வருகிறார்கள், வலது கை நாலு நாலாக எண்ணிப் பழகிவிடுகிறது, அந்தக் கையோடு ஷஃபிளுக்குள் நுழைந்தால் ஒட்டாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் சின்ன வயதில் அம்மாப்பேட்டையில் மிருதங்கம் கற்றுக்கொண்டவன். கிட்டார் பிறகு வந்தது. ப்ளூஸ் அதற்கும் பிறகு, ஏற்காட்டில் ஒரு மாஸ்டரிடம். காபி எஸ்டேட்டில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர், சர்ச் பாடல் குழுவில் வெகுகாலமாகக் கிட்டார் வாசிப்பவர், பழைய ப்ளூஸ் பதிவுகள் என்றால் உயிர். அவருக்குக் கர்நாடக சங்கீதம் தெரியாது, எனக்கு அன்றைக்கு ப்ளூஸ் தெரியாது. அவர் சொல்லிக்கொடுத்ததை நான் எனக்குத் தெரிந்த சொற்கட்டில், அதாவது தகிட, தகதிமி போன்ற தாளச் சொற்களில், போட்டுப் பார்த்தேன், அப்படியே உட்கார்ந்துகொண்டது. தாளம் போடத் தெரிந்த ஒருவர் ஷஃபிளை வெளிநாட்டு எண்ணிக்கையில் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஷஃபிள் என்பது திஸ்ர நடை. ஒரு தட்டுக்கு மூன்று: த கி ட. இதில் ‘த’வை வாசிக்க வேண்டும், ‘ட’வை வாசிக்க வேண்டும், நடுவில் இருக்கும் ‘கி’யை விழுங்கிவிட வேண்டும். விழுங்குவது என்றால் மறந்துவிடுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மனதுக்குள் ‘கி’ சத்தமாக ஒலிக்க வேண்டும், கம்பியில்தான் ஒலிக்கக் கூடாது. நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டு ஒரு நொடி. அதில் ‘த’ மூன்றில் இரண்டு பங்கு நேரம் எடுத்துக்கொள்ளும், ‘ட’ கடைசி ஒரு பங்கில் வந்து அடுத்த ‘த’வை இழுத்துக்கொண்டு போகும்.

இதை இரண்டு விதமாகக் கெடுக்கலாம். தட்டைச் சரிபாதியாகப் பிரித்து ‘தக தக’ என்று வாசித்தால் அது ராக். தட்டை நாலாகப் பிரித்து, ‘தகதிமி’யில் முதல் ‘த’வையும் கடைசி ‘மி’யையும் மட்டும் வாசித்தால் அதுதான் மேலே சொன்ன அணிவகுப்பு விறைப்பு. இரண்டாவது வகைதான் அதிகம் நடக்கிறது, ஏனென்றால் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்ற அளவில் அது சரியாகத்தான் இருக்கும், குட்டை ரொம்பக் குட்டையாகிப் போயிருக்கும். வாயால் ‘தகிட தகிட’ என்று விடாமல் சொல்லிக்கொண்டே ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் தொடையில் தட்டிப் பாருங்கள். கை கொஞ்சம் பழகியதும் வாயில் ‘கி’யைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கிட்டாரை அதற்குப் பிறகு தொட்டால் போதும்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது சேலத்தில் இருந்தவர்களுக்கு, பம்பைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கும்மிப் பாட்டுக்குக் கை தட்டியவர்களுக்கு இந்த மூன்றின் ஓட்டம் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. கிட்டாரை மடியில் வைத்ததும் அது எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

சரி, கைக்கு வருவோம். ஏ-யில் ஆரம்பிப்பதுதான் வசதி, ஏனென்றால் ஏ, டி, ஈ என்ற மூன்று கார்டுக்கும் ஆதாரமான பேஸ் கம்பி திறந்த கம்பியாகவே கிடைத்துவிடும். மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் வரும் ஐந்தாவது கம்பி அப்படியே திறந்திருக்கட்டும், அதுதான் ஏ. நாலாவது கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஆள்காட்டி விரல். இரண்டு கம்பியையும் சேர்த்து ‘த’ ஒரு முறை, ‘ட’ ஒரு முறை. அடுத்த தட்டுக்கு நாலாவது ஃப்ரெட்டில் மோதிர விரல், மறுபடி ‘த’, ‘ட’. ஆள்காட்டி விரலை எடுக்க வேண்டாம், அது இரண்டாவது ஃப்ரெட்டிலேயே இருக்கட்டும், மோதிர விரல் மட்டும் வந்து வந்து போகும். இது நன்றாக ஓட ஆரம்பித்ததும் மூன்றாவது தட்டில் சுண்டு விரலை ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு நீட்டலாம், நாலாவது தட்டில் திரும்ப மோதிர விரல்.

நமக்குத் தெரிந்த பெயரில் சொன்னால், ஏ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், இரண்டாவது ஃப்ரெட் பஞ்சமம், நாலாவது ஃப்ரெட் சதுஸ்ருதி தைவதம், ஐந்தாவது ஃப்ரெட் கைசிகி நிஷாதம். அதாவது ஷட்ஜம் அடியில் விடாமல் ஒலிக்க, மேலே பப தத நிநி தத. ஹரிகாம்போதி ராகத்தின் உத்தராங்கத்தில் (மேல் பாதியில்) ஏறி இறங்குகிற மாதிரிதான். பாடத் தெரிந்தவர்கள் இதைப் பாடிக்கொண்டே வாசியுங்கள், விரல் தானாக வரும்.

டி-க்குப் போக வேண்டுமென்றால் இதே விரல் அமைப்பை ஒரு கம்பி மெல்லிய பக்கம் தள்ள வேண்டும்: நாலாவது கம்பி திறந்து, மூன்றாவது கம்பியில் அதே இரண்டு, நாலு, ஐந்து. ஈ-க்கு ஒரு கம்பி தடித்த பக்கம்: ஆறாவது கம்பி திறந்து, ஐந்தாவதில் அதே ஃப்ரெட்டுகள். வடிவம் மாறவே இல்லை, ஆதாரம் மட்டும் மாறுகிறது. தம்புராவின் அசையாத ஷட்ஜத்தோடு வளர்ந்த காதுக்கு இதுதான் புது அனுபவம். நாம் ஒரு கச்சேரி முழுக்க ஷட்ஜத்தை நகர்த்துவதில்லை, இங்கே அடித்தளமே மத்யமத்துக்கு நகர்ந்து திரும்பி வருகிறது, பிறகு பஞ்சமத்துக்கு நகர்ந்து படிப்படியாக இறங்கி வருகிறது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு இது பிடிபட்ட அன்று ஏற்காட்டிலிருந்து இறங்குகிற அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஏ-யில் வாசிக்கும்போது நாம் தொடுகிற ஸ்வரங்கள் ச, ப, த, நி மட்டுமே, காந்தாரமே கிடையாது. பாட்டின் சாயலைச் சொல்வது காந்தாரம் என்பதால், அது சந்தோஷப் பாட்டா சோகப் பாட்டா என்று இன்னும் முடிவாகவில்லை. டி-க்குப் போய் சுண்டு விரலை ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்ததும் கிடைப்பது சி. ஏ-யை ஷட்ஜமாகக் கொண்டால் அது சாதாரண காந்தாரம் (தாழ்ந்த காந்தாரம்). அங்கேதான் பாட்டு முதல்முறையாகக் கனக்கிறது. பிறகு ஈ-க்குப் போய் நாலாவது ஃப்ரெட்டைத் தொட்டால் சி ஷார்ப், அதாவது அந்தர காந்தாரம் (உயர்ந்த காந்தாரம்). இரண்டு காந்தாரமும் ஒரே சுற்றுக்குள், தாள வாசிப்பிலேயே, பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. ப்ளூஸில் பாடுகிறவர்கள் இந்த இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ குரலை வளைத்து நிறுத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வளைவுக்கு இடம் கொடுப்பது கீழே ஓடுகிற இந்த ஷஃபிள்தான்.

பன்னிரண்டு பார் என்பதை நான் பன்னிரண்டாக எண்ணுவதே இல்லை. ஒரு பாருக்கு நாலு தட்டு, மொத்தம் 48 தட்டு, அதாவது ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம் (சுற்று). லகு (ஒரு கைத்தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை) ஒரு பார், இரண்டு த்ருதமும் (ஒவ்வொன்றும் ஒரு கைத்தட்டு, ஒரு வீச்சு) சேர்ந்து அடுத்த பார். முதல் இரண்டு ஆவர்த்தனம் முழுக்க ஏ. மூன்றாவது முழுக்க டி. நாலாவது மறுபடி ஏ. ஐந்தாவதில்தான் கார்டு பாதியில் மாறும்: லகுவில் ஈ, த்ருதத்தில் டி. ஆறாவதில் லகுவில் ஏ, த்ருதத்தில் ஈ, அது அப்படியே முதல் ஆவர்த்தனத்தின் சமத்துக்கு, அதாவது முதல் தட்டுக்கு, தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடும். சிலர் முதல் ஆவர்த்தனத்தின் த்ருதத்தில் ஒரு தடவை டி-க்குப் போய் வருவார்கள், அதுவும் வழக்கில் இருப்பதுதான். வலது கையால் தாளம் போட்டுக்கொண்டு கார்டு பெயரை மட்டும் வாயால் சொல்லிக்கொண்டே இந்த ஆறு சுற்றையும் முடித்துப் பாருங்கள். எந்த பாரில் இருக்கிறோம் என்ற குழப்பம் அதோடு ஒழிந்தது.

ஆனால் கனம் விழும் இடம் வேறு, இதில் கவனம் வேண்டும். நமக்குக் கைத்தட்டுதான் கனம், வீச்சு (கையைத் திருப்பிக் காட்டுவது) லேசானது. ப்ளூஸில் டிரம்ஸ்காரர் ஸ்னேர் டிரம்மில் ஓங்கி அடிப்பது ஒவ்வொரு பாரின் இரண்டிலும் நாலிலும். தாளத்தில் வைத்துப் பார்த்தால் லகுவில் சுண்டு விரல் எண்ணும் இடமும் நடு விரல் எண்ணும் இடமும், பிறகு இரண்டு வீச்சும். நாம் லேசாக விடுகிற இடத்திலெல்லாம் அவர்கள் காலை ஊன்றி நிற்கிறார்கள். சமத்தில் கனம் கொடுத்தே பழகிய கை இதற்குச் சட்டென்று சம்மதிக்காது. கிட்டாரிலும் அதே இடங்களில், அதாவது மோதிர விரல் நாலாவது ஃப்ரெட்டில் வந்து விழும் தட்டுகளில், வலது கையை ஒரு மயிரிழை அதிகமாக அழுத்த வேண்டும். அங்கே அழுத்தினால்தான் கேட்கிறவர் தலை ஆடும்.

வலது கையைப் பற்றித்தான் மாஸ்டர் அதிக நேரம் செலவழித்தார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் பாடம், முன்னால் சில்வர் ஓக் மரங்கள், அதில் மிளகுக் கொடி. நான் வாசித்துக்கொண்டிருந்தபோது எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்து, சுண்டு விரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் மேல், கம்பி ஆரம்பிக்கிற இடத்தில், வைத்தார்.

“கண்ணு, அழுத்தாத. தூங்குற பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்குதான்னு தொட்டுப் பாப்பம்ல, அந்தக் கனம் போதும்.”

“சத்தமே வரலைங்க மாஸ்டர்.”

“அப்ப முன்னாடி வந்துட்ட. ஒரு நூல் பின்னாடி போ.”

அந்த ஒரு நூல்தான் எல்லாம். கை ஓரம் பிரிட்ஜைத் தாண்டி ஓட்டை பக்கம் வந்துவிட்டால் கம்பி செத்துப்போய் ‘டப் டப்’ என்று கட்டை மாதிரி ஆகிவிடும். ரொம்பப் பின்னால் போய்விட்டால் கம்பி முழுதாக ஒலித்துக்கொண்டே இருக்கும், ‘கி’யின் இடத்தில் மௌனம் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் ஸ்வரம் தெளிவாகக் கேட்கும், ஆனால் நீளாது, குண்டாக ஒரு ‘டும்’ வந்து அடங்கிவிடும். மிருதங்கக்காரர்கள் தொப்பியில் (இடது பக்கத்தில்) திறந்து அடிப்பதையும் கை வைத்து மூடி அடிப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள், நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்டது. ஒவ்வொரு கிட்டாருக்கும் அந்த இடம் கொஞ்சம் மாறும். புதிதாக ஒரு கிட்டாரைக் கையில் எடுத்தால் நான் முதலில் அந்த இடத்தைத்தான் தேடுவேன்.

அது பிடிபட்ட பிறகு இன்னும் ஒரு நுணுக்கம். இரண்டிலும் நாலிலும் கனம் கொடுக்கச் சொன்னேன் அல்லவா, அந்த இடங்களில் கையை ஒரு கணம் தளர்த்தினால் போதும், கம்பி கொஞ்சம் கூடுதலாகத் திறந்து ஒலிக்கும், ஓங்கி அடிக்காமலேயே கனம் கிடைத்துவிடும். இடது கையாலும் உதவலாம், ‘ட’ முடிந்ததும் விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விட்டால் ஒலி அங்கேயே துண்டிக்கப்படும்.

கீழ்நோக்கி மட்டும் அடிக்க வேண்டுமா, மேலும் கீழும் அடிக்கலாமா என்று ஒரு வாக்குவாதம் எப்போதும் உண்டு. ஆரம்பத்தில் ‘த’, ‘ட’ இரண்டையும் கீழ்நோக்கியே அடியுங்கள் என்பது என் கட்சி. இரண்டுக்கும் ஒரே கனம் வரும், இரண்டு தடித்த கம்பிகளை மட்டும் குறிபார்த்து அடிக்கக் கை பழகும், மூன்றாவது கம்பியைத் தப்பித் தவறி உரசாது. வேகம் கூடினால் கை வலிக்கத்தான் செய்யும், அப்போது ‘ட’வை மேல்நோக்கி மாற்றிக்கொள்ளலாம். டெக்சாஸ் பாணியில் அந்த மேல்நோக்கிய ‘ட’தான் கதாநாயகன், அந்த ஊர்க் கிட்டார்க்காரர் ஸ்டீவி ரே வான் வாசித்ததைக் கேட்டால் பேஸ் கம்பியில் ‘த’ நடந்துகொண்டே இருக்க, மெல்லிய கம்பிகளில் ‘ட’ மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போகும். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் அதற்குப் போகிற வழி இந்த இரண்டு கம்பி வழிதான்.

இந்த இரண்டு கம்பி வாசிப்பு கிட்டாரில் பிறந்ததும் அல்ல. பூகி வூகி என்ற துள்ளல் பாணிப் பியானோக்காரர்களின் இடது கையில் ஓடிக்கொண்டிருந்தது அது. கிட்டாரின் தடித்த கம்பிகளுக்கு அதைக் கொண்டுவந்து நிலைக்க வைத்தவர்களில் முக்கியமானவர் மிசிசிப்பியைச் சேர்ந்த ராபர்ட் ஜான்சன். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் அவர் பதிவு செய்த 29 பாட்டுகள்தான் நமக்குக் கிடைத்திருப்பவை. 1938-இல் இறந்தபோது வயது 27. ஒற்றை ஆள், ஒற்றைக் கிட்டார், அதில் பியானோவின் இரண்டு கையும் கேட்கிற மாதிரி ஒரு வாசிப்பு. பருத்திக் காடுகளை விட்டு வடக்கே சிகாகோவுக்கும் மற்ற தொழில் நகரங்களுக்கும் ரயிலேறிய கறுப்பின மக்களோடு அந்த வாசிப்பும் போனது, அங்கே மின்சாரக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்துகொண்டன.

ஷஃபிள் கற்றுக்கொள்ள ஒரே ஒருவரைத்தான் கேட்கலாம் என்று யாராவது என்னைக் கட்டிப்போட்டால் நான் ஜிம்மி ரீட் என்றுதான் சொல்வேன். 1925-இல் மிசிசிப்பியில் பிறந்தவர், வடக்கே வந்து இண்டியானாவில் இறைச்சி பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், 1950-களில் சிகாகோவின் வீ-ஜே இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பதிவு செய்ய ஆரம்பித்தார். கழுத்தில் மாட்டிய கம்பியில் ஹார்மோனிகா, கையில் கிட்டார், பாட்டும் அவரே. பக்கத்தில் சிறு வயது நண்பர் எடி டெய்லர், ரீடுக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்தவரும் இவர்தான், தடித்த கம்பிகளில் இந்த ஷஃபிளை அசராமல் பிடித்துக்கொண்டிருப்பார். நிறையப் பேர் ஜிம்மி ரீடைக் கேட்டுவிட்டு எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. எடி டெய்லரின் வலது கையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்கள். அவசரமே கிடையாது, ஒவ்வொரு ‘ட’வும் முடிந்த அளவு தாமதித்து, ஆனால் தாமதமாகாமல் வந்து விழும். அப்படி மூன்று நிமிடம் தளராமல் வாசிப்பதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்று வாசித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

காதைத் தீட்ட இன்னொரு வழியும் இருக்கிறது. சக் பெர்ரி இதே விரல் அமைப்பை எடுத்துத்தான் ராக் அண்ட் ரோலுக்குக் கொண்டுபோனார், ஆனால் ‘தகிட’வை நேராக்கி ‘தக’ ஆக்கினார். அவருடைய 1950-களின் பதிவுகள் சிலவற்றில் டிரம்ஸ் இன்னும் திஸ்ரத்தில் ஆடிக்கொண்டிருக்கும், கிட்டார் மட்டும் சரிபாதியாக ஓடும். இரண்டும் உரசிக்கொள்கிற அந்த இடத்தைக் காது கண்டுபிடித்துவிட்டால் ஷஃபிள் எது, ஷஃபிள் இல்லாதது எது என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாதகம் செய்ய மெட்ரோநோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) கட்டாயம் வேண்டும், போனில் இருக்கும் இலவச ஆப்பே போதும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் அதை அடிக்க விடாதீர்கள், அப்படி வைத்தால் கை அதன் மேல் சாய்ந்துகொள்ளும். 80 வேகத்தில் வாசிக்க வேண்டுமென்றால் மெட்ரோநோமை 40-இல் வையுங்கள், வருகிற ஒவ்வொரு சத்தத்தையும் இரண்டு, நாலு என்று எடுத்துக்கொள்ளுங்கள். லகுவில் சுண்டு விரல், நடு விரல், பிறகு வீச்சு, வீச்சு. ஒன்றையும் மூன்றையும் நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தாளம் உங்களுடையது. இது கைவந்ததும் வேகத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். 70, 60 என்று இறங்க இறங்க ‘கி’யின் இடம் அகலமாகிக்கொண்டே போகும், அதை ஒன்றும் செய்யாமல் கடப்பதுதான் இந்த வித்தையிலேயே கஷ்டமான வேலை. வேகம் ரொம்பக் கூடினால் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் உள்ள வித்தியாசம் தானாகவே குறைந்து கிட்டத்தட்டச் சமமாகிவிடும், பெரிய வாசிப்பாளர்களின் பதிவுகளிலும் அதைக் கேட்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

கம்பி விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு குறிப்பு. சேலத்து வெயிலில் டியூன் செய்த கிட்டாரை எடுத்துக்கொண்டு ஏற்காடு போனால், குளிரில் எஃகுக் கம்பி சுருங்கி ஸ்ருதி ஏறி நிற்கும், போனதும் வாசிக்காதீர்கள், உறையிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் அந்தக் காற்றில் வைத்துவிட்டுப் பிறகு டியூன் செய்யுங்கள். பனிமூட்டத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலிருந்து மேல் வரை துடைத்துவிடுங்கள். ஷஃபிளில் தடித்த கம்பிகளுக்குத்தான் வேலை, அவை மங்கிப்போனால் உள்ளங்கை வைத்து அடக்கும்போது ஸ்வரம் தெரியாது, வெறும் சத்தம்தான் வரும். ஈரக்காற்றில் கிட்டாரின் மேல்பலகை உப்பிக் கம்பி ஃப்ரெட்டிலிருந்து உயரவும் செய்யும். சுண்டு விரல் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு எட்டவில்லை என்றால் உங்கள் விரலைக் குறை சொல்வதற்கு முன் கம்பியின் உயரத்தைப் பாருங்கள், தெரிந்தவரிடம் கொடுத்து இறக்கி வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கடைசியாகச் சுற்றைத் திருப்புவதும் முடிப்பதும். ஆறாவது ஆவர்த்தனத்தின் லகுவில் வெறும் ஷஃபிளாகவே ஓட்டலாம், தவறில்லை, ஆனால் ஒரு சின்ன இறக்கம் வைத்தால் அழகு. முதல் கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் சுண்டு விரலை வைத்து எடுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள், அது மேல் ஷட்ஜம். நாலாவது கம்பியில் ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று தட்டுக்கு ஒரு ஃப்ரெட்டாக இறங்குங்கள், அதாவது கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம். ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மோதிர விரல், பிறகு கைக்கு எது வருகிறதோ அது. இங்கே மட்டும் ‘கி’யை விழுங்க வேண்டாம், ஒவ்வொரு தட்டிலும் நாலாவது கம்பி, முதல் கம்பி, நாலாவது கம்பி என்று மூன்றையும் வாசியுங்கள். சுற்று முழுக்க மறைந்திருந்த ‘கி’ இந்த நாலு தட்டில் வெளியே வரும், கேட்கிறவர்களுக்கு ஏதோ புதிதாக நடந்த மாதிரி இருக்கும். த்ருதத்தில் ஈ செவன்த் (கைசிகி நிஷாதம் சேர்ந்த ஈ கார்டு), மறுபடி முதல் ஆவர்த்தனம்.

முடிக்க வேண்டிய சுற்றில் ஈ-க்குப் போகாதீர்கள். இறக்கம் முடிந்ததும் த்ருதத்தின் முதல் தட்டில் பி ஃப்ளாட் செவன்த் ஒரே அடி, உடனே உள்ளங்கையால் மூடிவிடுங்கள், வீச்சில் அரை ஸ்வரம் இறங்கி ஏ செவன்த். அந்த ஏ-யை மூட வேண்டாம், தானாக அடங்குகிற வரைக்கும் விட்டுவிடலாம். கூட மிருதங்கமோ கஹோனோ (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) வாசிக்கிறவர் இருந்தால் இதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஏனென்றால் அவர் கை அடுத்த சமத்தில் முடிக்கத்தான் காத்துக்கொண்டிருக்கும், இந்தப் பாட்டு சமத்துக்கு முன்பே வீச்சிலேயே முடிந்துவிடுகிறது.